மெனுவில் வராத கன்சோல்கள்

ராஸ்பெர்ரி பையை டிவியில் மாட்டியாயிற்று. ரெட்ரோபை ஏறிவிட்டது, கன்ட்ரோலர் பொத்தான்களும் பதிவாகிவிட்டன. விளையாட்டுகளையும் பென்டிரைவில் கொண்டுவந்து போட்டுவிட்டீர்கள். மெனுவை இடமும் வலமும் தள்ளிப் பார்த்தால் நின்டெண்டோ இருக்கிறது, சேகாவைக் காணோம். சில வீடுகளில் எந்தக் கன்சோலுமே வராது. ‘ரெட்ரோபை’ என்ற அமைப்புப் பக்கம் மட்டும் தனியாக நிற்கும்.

இந்த இடத்தில் பலரும் செய்கிற காரியம், எஸ்டி கார்டை அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றுவது. அதைச் செய்யாதீர்கள். ஏற்றியதில் குறை இருப்பது அபூர்வம். ஒரு கன்சோல் மெனுவில் வருவதும் வராததும் சில எளிய நிபந்தனைகளைப் பொறுத்தது. அந்த நிபந்தனை நிறைவேறாத வரை எத்தனை முறை புதிதாக ஏற்றினாலும் சேகா வரப்போவதில்லை. குழந்தைகள் சேமித்து வைத்த ஆட்டங்களும் கன்ட்ரோலர் அமைப்புகளும் போவதுதான் மிச்சம்.

கோப்புகளின் பெயர்களும் மெனுத் தேர்வுகளும் உங்கள் திரையில் ரோமன் எழுத்தில் இருக்கும். இந்த நூல் முழுவதும்போல இங்கேயும் அவற்றைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

மெனு எப்படி உருவாகிறது

நீங்கள் திரையில் பார்க்கும் மெனு எமுலேஷன்ஸ்டேஷன் என்ற தனி மென்பொருள். விளையாட்டை ஓட்டுகிற எமுலேட்டர்கள் வேறு. 2012-ல் தொடங்கிய ரெட்ரோபை திட்டம் இரண்டையும் சேர்த்துக் கட்டி, ஒரே இடத்தில் நிறுவத் தருகிறது. இந்தப் பிரிவு மனதில் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்: மெனுவில் வராதது எமுலேஷன்ஸ்டேஷனின் பிரச்சினை, மெனுவில் வந்தும் ஆட்டம் திறக்காதது எமுலேட்டரின் பிரச்சினை.

எமுலேஷன்ஸ்டேஷன் தொடங்கும்போது ‘ஈஎஸ்_சிஸ்டம்ஸ்’ என்ற பட்டியல் கோப்பைப் படிக்கிறது. ஒவ்வொரு கன்சோலுக்கும் அதில் ஒரு பதிவு உண்டு. கன்சோலின் பெயர் என்ன, விளையாட்டுகள் எந்த ஃபோல்டரில் இருக்கும், எந்தெந்தப் பின்னொட்டு உள்ள கோப்புகளை விளையாட்டாக ஏற்க வேண்டும், திறக்க எந்தக் கட்டளை என்பதெல்லாம் அந்தப் பதிவில் இருக்கும். அடுத்து அந்த ஃபோல்டருக்குள் போய்ப் பார்க்கிறது. ஏற்கத்தக்க பின்னொட்டோடு ஒரு கோப்பாவது இருந்தால் அந்தக் கன்சோல் மெனுவில் வரும். ஒன்றுகூட இல்லையென்றால் அதை மெனுவில் காட்டுவதில்லை. காலி அலமாரிகளைக் காட்டி உங்களைச் சலிப்படைய வைக்கக் கூடாது என்பதற்காகவே இப்படிச் செய்திருக்கிறார்கள்.

ஆக, ஒரு கன்சோல் வராததற்கு அடிப்படைக் காரணம் இரண்டுதான். பட்டியலில் பதிவு இல்லை. அல்லது பதிவு இருந்தும் ஃபோல்டரில் பொருத்தமான கோப்பு இல்லை. எது என்று கண்டுபிடிக்க ஊகம் தேவையில்லை. எமுலேஷன்ஸ்டேஷன் தானே எழுதி வைத்திருக்கிறது.

பதிவேட்டைத் திறந்து பாருங்கள்

பை வைஃபையில் இணைந்திருந்தால், விண்டோஸ் கணினியில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடுகளும் ‘ரெட்ரோபை’ என்ற பெயரும் தட்டுங்கள். ‘ரோம்ஸ்’, ‘பயாஸ்’, ‘கான்ஃபிக்ஸ்’ என்று சில ஃபோல்டர்கள் தெரியும். ‘கான்ஃபிக்ஸ்’, அதனுள் ‘ஆல்’, அதனுள் ‘எமுலேஷன்ஸ்டேஷன்’ என்று போனால் ‘ஈஎஸ்_லாக்’ என்ற டெக்ஸ்ட் கோப்பு இருக்கும். நோட்பேடில் திறக்கலாம். கட்டளைத் திரைக்குப் போகாமலே இதுவரை வந்துவிட முடியும் என்பது புதியவர்களுக்குப் பெரிய வசதி.

அந்தக் கோப்பில் காணாமல் போன கன்சோலின் பெயரைத் தேடுங்கள். அந்தக் கன்சோலில் விளையாட்டு எதுவும் இல்லை, எனவே விட்டுவிடுகிறேன் என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், பட்டியலில் பதிவு இருக்கிறது. கோளாறு ஃபோல்டரிலோ கோப்பிலோ. பெயரே இல்லையென்றால் பதிவே இல்லை என்று கொள்ளுங்கள். அப்போது பார்க்க வேண்டியது எமுலேட்டர் நிறுவப்பட்டதா என்பதையும், எந்தப் பட்டியல் படிக்கப்படுகிறது என்பதையும். ஒரு நிமிட வேலை இது. மீதித் தேடலில் பாதியை மிச்சப்படுத்தும்.

அதற்கும் முன்னால் ஒரு காரியம் உண்டு. விளையாட்டுகளை நகல் எடுத்த பிறகு எமுலேஷன்ஸ்டேஷனை மறுதொடக்கம் செய்தீர்களா? ஃபோல்டர்களை அது தொடங்கும்போது மட்டுமே பார்க்கும். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, ‘குவிட்’ போய், ‘ரீஸ்டார்ட் எமுலேஷன்ஸ்டேஷன்’ கொடுங்கள். பலருடைய பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும்.

ஊரில் சொல்லும் பெயரும் ஃபோல்டர் பெயரும்

நம் பக்கத்துப் பிள்ளைகள் 1990-களில் விளையாடியது பெரும்பாலும் நின்டெண்டோ என்ற பெயரில் இல்லை. சாமுராய், மீடியா என்ற பெயர்களிலும் பெயரே இல்லாத பெட்டிகளிலும் வந்த ‘டிவி கேம்’தான் அது. கார்ட்ரிட்ஜை நாம் கேசட் என்றோம். அட்டையில் 9999999 ஆட்டங்கள் என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது சில ஆட்டங்களின் திரும்பத் திரும்ப வரும் வரிசை. ஜப்பானில் 1983-ல் வந்த ஃபேமிகாமின் நகல்களே அந்தப் பெட்டிகளில் மிகப் பல. எனவே மாரியோவும் கான்ட்ராவும் தேடுகிறவர் போக வேண்டிய ஃபோல்டர் ‘நெஸ்’. ‘டிவி கேம்’ என்றோ ‘ஃபேமிலி கேம்’ என்றோ நீங்களாகப் புதிய ஃபோல்டர் திறந்தால், பட்டியலில் அப்படி ஒரு பதிவு இல்லாததால் அது மெனுவில் வராது.

சேகா மெகா டிரைவை 1990-களின் நடுவில் ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவில் விற்றது. விலை 18,000 ரூபாய் என்பதால் அன்று அது சில வீடுகளுக்கு மட்டுமே எட்டியது. ரெட்ரோபையில் அதன் ஃபோல்டர் ‘மெகாடிரைவ்’. அமெரிக்கப் பெயரான ‘ஜெனிசிஸ்’ அதற்கே போகும் ஓர் இணைப்பு. ‘சேகா’ என்று வைத்தால் வராது. பி.எஸ்.1-க்கு ஃபோல்டர் ‘பிஎஸ்எக்ஸ்’. ‘பிஎஸ்1’ என்று வைத்தால் வராது.

இதைக் கேட்டு வருகிறவர்களோடு நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

“ஏனுங்கண்ணா, சேகா மட்டும் வரவே மாட்டேங்குதுங்க. கார்டை மறுபடி ஏத்தியும் பாத்துட்டனுங்க.”

“ஃபோல்டர் பேரு என்ன வச்சிருக்கீங்க தம்பி?”

“சேகான்னுதானுங்க. பெரிய எழுத்துல.”

“ஏற்கெனவே மெகாடிரைவ்னு ஒரு ஃபோல்டர் இருக்குமுங்க. அதுக்குள்ள போட்டுட்டு, ரீஸ்டார்ட் குடுங்க.”

பெரிய எழுத்து, சிறிய எழுத்து பற்றியும் ஒரு சொல். ரெட்ரோபையின் அடியில் இருப்பது லினக்ஸ். பெரிய எழுத்தில் ‘நெஸ்’ என்று எழுதினால் ஒரு ஃபோல்டர், சிறிய எழுத்தில் எழுதினால் இன்னொரு ஃபோல்டர். விண்டோஸில் பழகியவர்களுக்கு இது கண்ணில் படாது. ஃபோல்டர் பெயர்கள் எல்லாம் சிறிய எழுத்தில்தான் இருக்க வேண்டும். நீங்களாக எதையும் உருவாக்காமல் இருப்பதே பாதுகாப்பு. எமுலேட்டரை நிறுவும்போதே அதற்குரிய ஃபோல்டரும் உருவாகிவிடும். அதையே ஒரு சோதனையாகவும் கொள்ளலாம்: ‘ரோம்ஸ்’ உள்ளே தேவையான ஃபோல்டர் இல்லை என்றால், அந்த எமுலேட்டர் இன்னும் நிறுவப்படவில்லை.

பின்னொட்டு எனும் வாசல்

ஃபோல்டர் சரி, கோப்பும் இருக்கிறது, ஆனால் பதிவேடு ‘விளையாட்டு இல்லை’ என்கிறது. அப்படியானால் பின்னொட்டைப் பாருங்கள். விண்டோஸ் பின்னொட்டுகளை மறைத்து வைக்கும் வழக்கம் உள்ளது. ‘வியூ’ மெனுவில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ தேர்வை இயக்கிவிட்டுப் பாருங்கள்.

நம் ஊரில் அடிக்கடி காண்பது ஆர்ஏஆர். வின்ரார் இல்லாத கணினி இல்லை என்னும் அளவுக்கு அது பரவியிருப்பதால், பழைய நண்பரிடமிருந்து வரும் கோப்பு பெரும்பாலும் அந்த வடிவில்தான் இருக்கும். ரெட்ரோபையின் நெஸ் பதிவு .என்இஎஸ், .ஜிப் போன்றவற்றை ஏற்கும், ஆர்ஏஆரை ஏற்காது. பெயரை மட்டும் ஜிப் என்று மாற்றினால் மெனுவில் வந்துவிடும், ஆட்டம் திறக்காது. பிரித்தெடுத்து, உள்ளே இருக்கும் கோப்பை மட்டும் போடுவதே முறை. ஜிப்புக்குள் இன்னொரு ஜிப் இருந்தாலும் இதே கதை: மெனுவில் தெரியும், ஓடாது.

பி.எஸ்.1 விஷயத்தில் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு பி.எஸ்.1 குறுந்தகட்டை நகல் எடுத்தால் இரண்டு கோப்புகள் கிடைக்கும். ஒன்று .பிஐஎன், பல நூறு எம்பி அளவில் ஆட்டத்தின் உள்ளடக்கம் முழுவதும் இதில் இருக்கும். மற்றொன்று .சியூஇ, ஒரு கேபி கூட இல்லாத சிறிய டெக்ஸ்ட். கோப்புகளை நண்பரிடமிருந்து வாங்கும்போதோ பழைய ஹார்டு டிஸ்கில் இடம் ஒதுக்கும்போதோ, இந்தச் சின்னக் கோப்பை ஏதோ குப்பை என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். ரெட்ரோபையின் பி.எஸ்.1 பட்டியலில் .சியூஇ, .சிஎச்டி, .பிபிபி, .எம்3யூ போன்றவை உண்டு; .பிஐஎன் கிடையாது. பெரிய கோப்பு மட்டும் கையில் இருந்தால் ஃபோல்டர் 600 எம்பி காட்டும், மெனுவில் பிளேஸ்டேஷன் வராது. சேகா மெகா டிரைவுக்கோ அதே .பிஐஎன் பின்னொட்டு ஏற்கத்தக்கது. அங்கே ஓடியது இங்கே ஏன் ஓடவில்லை என்று குழம்புவதற்கு இதுவே காரணம்.

தொலைந்த .சியூஇ-யை நீங்களே எழுதலாம். நோட்பேடில் மூன்றே வரி. முதல் வரியில் ‘ஃபைல்’ என்ற சொல், மேற்கோள் குறிக்குள் பிஐஎன் கோப்பின் முழுப் பெயர் பின்னொட்டோடு, பிறகு ‘பைனரி’. இரண்டாம் வரியில் ‘ட்ராக்’, 01, பிறகு ‘மோட்2’, ஒரு சாய்வுக் கோடு, 2352. மூன்றாம் வரியில் ‘இண்டெக்ஸ்’, 01, பிறகு 00:00:00. ஆங்கிலச் சொற்களைப் பெரிய எழுத்தில் தட்டுங்கள். ஆட்டத்தின் பெயரிலேயே .சியூஇ என்று சேமியுங்கள். இசைத் தடங்கள் தனித்தனியாக உள்ள தகடுகளுக்கு இந்தக் குறுக்குவழி போதாது. அவற்றை மறுபடி முறையாக நகல் எடுக்க வேண்டும். பிஐஎன் கோப்பின் பெயரைப் பிறகு மாற்றினால், சியூஇ-யின் முதல் வரியையும் மாற்றுங்கள். அது பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும்.

இரண்டு கோப்புகளைக் கட்டி மேய்க்க விருப்பமில்லையா? ஆர்கேட் எமுலேட்டரான மேம் திட்டத்தோடு வரும் ‘சிஎச்டிமேன்’ கருவியால் இரண்டையும் சேர்த்து ஒரே .சிஎச்டி கோப்பாக்கலாம். இடமும் மிச்சமாகும். பி.எஸ்.1 ஆட்டங்களை நிரந்தரமாக வைத்திருக்கப் போகிறவர்களுக்கு நான் இதையே பரிந்துரைக்கிறேன்.

முஸ்தபாவும் ஆர்கேடும்

காசு போட்டு ஆடிய கடைகளில் நம்மவர் முஸ்தபா என்று அழைத்த ஆட்டத்தின் பெயர் ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனசார்ஸ்’. காப்காம் 1993-ல் வெளியிட்டது. ஆட்டத்தில் வரும் நால்வரில் ஒருவனின் பெயர் முஸ்தபா என்பதால் இந்தியா முழுக்க அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஆர்கேட் எமுலேட்டர்கள் இதை ‘டைனோ’ என்ற ஜிப்பாகத்தான் அறியும். ‘முஸ்தபா’ என்று பெயர் மாற்றினால் மெனுவில் வரும், அழுத்தினால் மெனுவுக்கே திரும்பி வந்துவிடும். ஆர்கேட் ஜிப்புகளைப் பிரிக்கவும் கூடாது, பெயர் மாற்றவும் கூடாது. திரையில் காட்ட வேண்டிய முழுப் பெயரை எமுலேஷன்ஸ்டேஷன் தானே அறிந்து வைத்திருக்கிறது.

நியோ ஜியோவில் ஒரு நுணுக்கம். அதற்கு ‘நியோஜியோ’ என்ற பயாஸ் ஜிப் தேவை. புதிதாக வருகிறவர் முதலில் அதை மட்டும் ஃபோல்டரில் போட்டுவிட்டு, மெனுவில் வருகிறதா என்று பார்ப்பார். வராது. பயாஸ் கோப்புகளை எமுலேஷன்ஸ்டேஷன் விளையாட்டாகக் கணக்கிடுவதில்லை. ஓர் ஆட்டத்தையும் சேர்த்துப் போட்டால்தான் வரும்.

மேம் முதன்முதலில் 1997 பிப்ரவரியில் வெளிவந்தது. அன்றிலிருந்து ஆட்டக் கோப்புகளின் உள்ளமைப்பு பலமுறை மாறியிருக்கிறது. ரெட்ரோபையில் உள்ள ‘மேம்2003’ 0.78 பதிப்புக்குரிய கோப்புகளையும், ‘மேம்2010’ 0.139 பதிப்புக்குரியவற்றையும் எதிர்பார்க்கும். கோப்பின் பதிப்பு பொருந்தவில்லை என்றால் மெனுவில் தெரியும், ஓடாது. இது அடுத்த அத்தியாயத்தின் பேச்சு. அந்த ஆட்டங்களுக்காக மெனுவைச் சீர்செய்ய முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பதிவே இல்லாதபோது

பதிவேட்டில் கன்சோலின் பெயர் இல்லை என்றால் முதலில் எமுலேட்டரைப் பாருங்கள். ரெட்ரோபை மெனுவில் ‘ரெட்ரோபை செட்டப்’, பிறகு ‘மேனேஜ் பேக்கேஜஸ்’. அங்கே ‘கோர்’, ‘மெயின்’, ‘ஆப்ஷனல்’, ‘எக்ஸ்பெரிமென்டல்’ போன்ற பிரிவுகள் இருக்கும். தயார் நிலையில் கிடைக்கும் பதிப்பில் முதல் இரண்டும் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும். மீதியை நீங்கள் தேர்ந்தெடுத்து நிறுவ வேண்டும். நிறுவியதும் பட்டியலில் பதிவும் ‘ரோம்ஸ்’ உள்ளே ஃபோல்டரும் தானாக உருவாகும். எந்தப் பையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்தத் தேர்வுகள் மாறும். பை 3-ல் பி.எஸ்.2-ஐத் தேடிப் பயனில்லை. அந்த வேலைக்கு அந்தப் பலகையின் வேகம் போதாது. பை 5 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். ரெட்ரோபையின் 4.8 பதிப்பு 2022 மார்ச்சில் வந்தது, பை 5 வெளியானது 2023 அக்டோபரில். அந்தப் பதிப்பைக் கார்டில் எழுதி பை 5-ல் போட்டால் அது தொடங்காது. ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸை நிறுவி, அதன்மேல் ரெட்ரோபையை ஏற்ற வேண்டும்.

எமுலேட்டர் நிறுவியிருக்கிறது, ஃபோல்டரில் சரியான கோப்பு இருக்கிறது, மறுதொடக்கமும் ஆயிற்று, இன்னும் வரவில்லை. அப்போது சந்தேகிக்க வேண்டியது இரண்டாவது பட்டியலை.

ஈஎஸ்_சிஸ்டம்ஸ் பட்டியல் இரண்டு இடங்களில் இருக்கலாம். ஒன்று, அமைப்புக் கோப்புகளுக்கு இடையே உள்ள பொதுப் பட்டியல். புதிய எமுலேட்டரை நிறுவும்போது ரெட்ரோபை எழுதுவது இதில்தான். மற்றொன்று, மேலே பதிவேட்டைப் பார்த்த அதே ‘எமுலேஷன்ஸ்டேஷன்’ ஃபோல்டரில் இருக்கக்கூடிய தனிப் பட்டியல். தனிப் பட்டியல் இருந்தால் எமுலேஷன்ஸ்டேஷன் அதை மட்டுமே படிக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. கன்சோல்களின் வரிசையை மாற்றவோ, தனக்குப் பிடித்த ஒன்றைச் சேர்க்கவோ யாரோ ஒருவர் அந்த நகலை எடுத்து வைத்திருப்பார். அந்த நாளோடு அந்தப் பட்டியல் உறைந்துவிட்டது. அதன் பிறகு நீங்கள் நிறுவுகிற எந்தக் கன்சோலும் மெனுவுக்கு வராது.

விளையாட்டுகளோடு சேர்த்து விற்கப்படும் தயார் கார்டுகளில் இது சகஜம். அந்தக் கார்டுகளை வாங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. உரிமை இல்லாத ஆட்டங்கள் அதில் இருப்பது ஒருபுறம். அதில் உள்ள சில எமுலேட்டர்களின் உரிமமே வணிக விற்பனையை அனுமதிப்பதில்லை. கோளாறு வந்தால் உள்ளே யார் எதை மாற்றினார்கள் என்று தெரியாமல் நீங்கள்தான் தவிக்க வேண்டும்.

தீர்வு எளிது. தனிப் பட்டியலின் பெயரோடு ‘பழசு’ என்பதுபோல் ஏதாவது சேர்த்து மாற்றிவிட்டு, மறுதொடக்கம் செய்யுங்கள். கன்சோல்கள் வந்துவிட்டால் காரணம் அதுதான். உங்கள் பழைய மாற்றங்கள் வேண்டுமென்றால், பொதுப் பட்டியலைப் புதிதாக நகல் எடுத்து, அதில் மறுபடி செய்துகொள்ளலாம். அப்படிச் செய்யும்போது கவனம் தேவை. இது எக்ஸ்எம்எல் கோப்பு. திறந்த ஒவ்வொரு குறியையும் மூட வேண்டும். பெயரில் ‘அண்ட்’ குறியீட்டை வெறுமனே போட்டால்கூட முழுப் பட்டியலும் படிக்க முடியாமல் போய், ஒரு கன்சோலுக்குப் பதில் எல்லாக் கன்சோல்களும் காணாமல் போகும்.

நேற்று இருந்தது, இன்று இல்லை

இது வேறு வகை. நீங்கள் எதையும் மாற்றவில்லை. மின்சாரம் போய் வந்தது, அவ்வளவுதான்.

விளையாட்டுகள் வெளி ஹார்டு டிஸ்கிலோ பென்டிரைவிலோ இருக்கின்றனவா? யூஎஸ்பியில் உள்ள ‘ரெட்ரோபை-மவுண்ட்’ ஃபோல்டரை, கார்டில் உள்ள ஃபோல்டரின் மேல் போர்த்துவதுபோல ரெட்ரோபை இணைக்கிறது. டிஸ்க் எழுந்திருக்கவில்லை என்றால் அடியில் இருக்கும் காலி ஃபோல்டர் தெரியும். எல்லாக் கன்சோல்களும் ஒரே சமயத்தில் மறைந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள். பை 4-ன் யூஎஸ்பி வாசல்கள் நான்கும் சேர்ந்து தரக்கூடியது 1.2 ஆம்பியர்தான். சுழலும் ஹார்டு டிஸ்க் தொடங்கும் கணத்தில் அதிகம் இழுக்கும். தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப் வழியாக இணைப்பது நல்லது.

அவிநாசி, சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடங்களை ஒட்டிய வீடுகளில், வோல்டேஜ் ஏறி இறங்குவதால்தான் பை கெடுகிறது என்று பலர் நம்புகிறார்கள். நல்ல அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். அந்த ஏற்ற இறக்கம் அதைப் பெரிதாகப் பாதிக்காது. பெரும்பாலும் கெடுப்பது பழைய மொபைல் சார்ஜரும் மெல்லிய கேபிளும். பைக்குள் வரும் மின்சாரம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையின் மூலையில் மின்னல் சின்னம் தோன்றும். அதைப் பார்த்தால் வேறு எதையும் சோதிக்காதீர்கள். பை 4-க்கு உரிய 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டரை முதலில் வாங்குங்கள்.

சட்டென்று மின்சாரம் போவது வேறு விஷயம். எமுலேஷன்ஸ்டேஷன் ஒவ்வொரு கன்சோலுக்கும் ‘கேம்லிஸ்ட்’ என்ற கோப்பில் ஆட்டங்களின் பெயர், படம் முதலியவற்றை வைத்திருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அது பாழாகலாம். சாதாரணமாக இதனால் கன்சோல் மறையாது, ஃபோல்டரைப் பார்த்தே பட்டியல் உருவாகும். ஆனால் வேகம் கருதி ‘பார்ஸ் கேம்லிஸ்ட்ஸ் ஒன்லி’ தேர்வை நீங்கள் இயக்கியிருந்தால், ஃபோல்டரைப் பார்க்காமல் கேம்லிஸ்டை மட்டும் நம்பும். அது பாழானால் கன்சோலும் போகும். புதிதாகப் போடும் ஆட்டங்களும் வராது. அந்தத் தேர்வை அணைத்துவிடுங்கள். பையை எப்போதும் மெனு வழியாகவே நிறுத்தப் பழகுங்கள். சுவிட்சைத் தட்டி நிறுத்தாதீர்கள்.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் ‘யூஐ மோட்’ மாறியிருக்கலாம். ‘கிட்’ நிலையில், பிள்ளைகளுக்கானவை என்று குறிக்கப்பட்ட ஆட்டங்கள் மட்டுமே தெரியும். ஸ்டார்ட் மெனுவிலும் பல தேர்வுகள் இருக்காது. மீண்டு வர, மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று அழுத்துங்கள். கான்ட்ராவில் முப்பது உயிர் வாங்கிய அதே வரிசைதான்.

கட்டளைத் திரையில் நிர்வாகி அனுமதியோடு நகல் எடுத்த கோப்புகள் வேறு பயனரின் பெயரில் இருக்கும். படிக்க முடியாமல் போகலாம். ரெட்ரோபை செட்டப்பில் ஃபோல்டர்களின் உரிமையைச் சரிசெய்யும் தேர்வு இருக்கிறது, அதை ஒருமுறை ஓட்டுங்கள். புதிய தீம் மாற்றிய பிறகு ஒரு கன்சோலைக் காணோம் என்றால், பழைய ‘கார்பன்’ தீமுக்குத் திரும்பிப் பாருங்கள். அந்தக் கன்சோலுக்குப் படம் இல்லாத தீமில் அது வெறும் எழுத்தாகவோ வெறுமையாகவோ நிற்கும். வேகமாகத் தள்ளும்போது கண்ணில் படாது.

ரெட்ரோபைக்குப் பதிலாகப் பட்டோசேரா என்ற அமைப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்குச் சுருக்கமாக: ஒவ்வொரு ஃபோல்டரிலும் ‘_இன்ஃபோ’ என்ற டெக்ஸ்ட் கோப்பு இருக்கும். எந்தப் பின்னொட்டுகள் ஏற்கப்படும் என்று அதிலேயே எழுதியிருக்கும். கோப்புகளைப் போட்ட பிறகு ‘அப்டேட் கேம்லிஸ்ட்ஸ்’ கொடுங்கள். பிறகும் வரவில்லை என்றால், ‘கேம் கலெக்‌ஷன் செட்டிங்ஸ்’ உள்ளே ‘சிஸ்டம்ஸ் டிஸ்ப்ளேட்’ பட்டியலில் அந்தக் கன்சோலின் குறி நீங்கியிருக்கிறதா பாருங்கள்.

சோதனைக்கு ஓர் ஆட்டம்

உங்கள் கோப்பில் குறையா, அமைப்பில் குறையா என்று தெரியாதபோது, நல்ல நிலையில் உள்ளது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு கோப்பைப் போட்டுப் பார்ப்பதே விரைவான வழி. அதற்கு யாருடைய உரிமையையும் மீற வேண்டியதில்லை. நெஸ்ஸுக்கு ‘நோவா தி ஸ்குவிரல்’, கேம் பாய்க்கு ‘டோபு டோபு கேர்ள்’ ஆகியவை அவற்றை உருவாக்கியவர்களே இலவசமாகத் தரும் ஆட்டங்கள். ஆர்கேடுக்கு ‘கிரிட்லீ’, ‘ராபி ரோட்டோ’ போன்றவற்றை உரிமையாளர்களின் அனுமதியோடு மேம் திட்டத்தாரே வழங்குகிறார்கள். ‘நோவா’ வந்து உங்கள் மாரியோ வரவில்லை என்றால் குறை உங்கள் கோப்பில். இரண்டும் வரவில்லை என்றால் மேலே சொன்ன பட்டியலுக்குத் திரும்புங்கள்.

நீங்கள் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் கேசட்டையோ தகட்டையோ நகல் எடுப்பது பற்றிப் பலர் கேட்கிறார்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆம் பிரிவில், கணினி நிரலை முறையாக வைத்திருப்பவர் அது தொலைந்தாலோ கெட்டாலோ பாதுகாப்பாக இருக்க நகல் எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அந்த அனுமதி உங்கள் கையில் உள்ள பிரதிக்குத்தான். வாங்காத ஆட்டத்தை இறக்கிக்கொள்ள அதில் இடமில்லை.

இவ்வளவும் பார்த்துத் தீரவில்லை என்றால் தெரிந்தவரிடம் கேளுங்கள். கேட்கும்போது ‘சேகா வரவில்லை’ என்று மட்டும் சொன்னால் அவரால் ஊகிக்கத்தான் முடியும். எந்தப் பை, ரெட்ரோபையின் எந்தப் பதிப்பு, எந்த அடாப்டர், விளையாட்டுகள் கார்டிலா யூஎஸ்பியிலா, ஃபோல்டரின் பெயர் என்ன, அதில் உள்ள ஒரு கோப்பின் முழுப் பெயர் பின்னொட்டோடு என்ன என்று எழுதுங்கள். ஈஎஸ்_லாக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். அதுவரை கார்டை அழிக்க வேண்டாம்.